சித்திரைத் தழையும் ஆடிக் கிடாவும்

கரிசல் காட்டு ஆட்டுப்பட்டியில் குட்டி குறைந்துபோகும் ஆண்டில் பழி முதலில் பெட்டைகளின் மேல் விழுகிறது, பிறகு மழையின் மேல் விழுகிறது, அதற்கும் பிறகு மேய்ப்பவரின் கைராசியின் மேல் விழுகிறது. இருபத்தைந்து முப்பது பெட்டைகளுக்கு ஒன்றாக நிற்கும் பொலிகிடாவின் மேல் அது விழுவது அரிது. சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்து ஊர்களில் கால்நடை மருத்துவம் பார்த்தவர்களுக்கு நன்கு பழகிப்போன இந்தப் பாராமுகமே இக்கட்டுரைக்குக் காரணம். ஆண் விலங்கின் இனப்பெருக்க ஹார்மோன்களும் விந்தணு உற்பத்தியும் உயிர்ச்சத்துக் குறைவால் எவ்வாறு கெடுகின்றன என்பது பாடநூல்களில் எலியை வைத்துச் சொல்லப்படுகிறது. அதே செய்தி அச்சங்குளத்துப் பட்டியில் எந்த மாதத்தில், எந்த வடிவத்தில் வந்து நிற்கிறது என்பதைச் சொல்வதே இங்கே நோக்கம்.

அச்சங்குளம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் 2021 பிப்ரவரி 12 அன்று நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தின் வழியாகத்தான் அறிந்தார்கள். அந்தத் துயரத்தை மறக்க முடியாத ஊர் அது என்றாலும், ஆலைக்குப் போகும் வீடுகளில் பலவற்றின் கொல்லையில் நாலு வெள்ளாடோ பத்துச் செம்மறியோ கட்டிக் கிடப்பதும் அந்த ஊரின் வாழ்க்கைதான். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் சிதறிய வேம்பூர்ச் செம்மறியும், கறுத்த உடம்பும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட கன்னி வெள்ளாடும் இந்த வறண்ட நிலத்துக்கென்றே வாய்த்த இனங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பிய பூமி இது; ஐப்பசி, கார்த்திகையில் பச்சை கட்டும் தரிசு, மாசி பிறந்ததும் வெளுக்கத் தொடங்கி, சித்திரை, வைகாசியில் பழுப்பும் சாம்பலுமாக மாறிவிடும். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால், ஆனி, ஆடியில் சினை நின்ற பெட்டை கார்த்திகை, மார்கழியில் குட்டி போடும்; குட்டி கடிக்கப் பழகும்போது புல் இருக்கும். இந்தக் கணக்கை எந்தப் பல்கலைக்கழகமும் மேய்ப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தலைமுறைகள் பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டது. ஆனால் அந்தக் கணக்கில் கிடாவின் பங்கு ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது.

கிடாவின் விந்தகத்தில், அதாவது ஊர்ப்பேச்சில் விரை எனப்படும் உறுப்பில், ஒரு முதல்நிலை உயிரணு பிரியத் தொடங்கி முழு விந்தணுவாக உருவெடுக்க 47 முதல் 49 நாள் ஆகிறது. அதன் பின் விந்தகத்தை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நீண்ட குழலில் அது முதிர்ந்து நீந்தும் திறன் பெறப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கிறது. ஆக, ஆனி நடுவில் பெட்டையின் மேல் ஏறும் கிடா வெளியிடுவது அன்றைய தீவனத்தின் விளைவு அன்று, சித்திரைத் தீவனத்தின் விளைவு. ஆண்டிலேயே பச்சை அற்றுப்போன மாதங்களில் தொடங்கப்பட்ட வேலைதான் ஆனி, ஆடியில் முடிந்து வெளிவருகிறது. இந்த அறுபது நாள் இடைவெளி மனத்தில் பதியாத மருத்துவர் எவ்வளவு நல்ல மருந்து வைத்திருந்தாலும் கைகொடுக்க மாட்டார்.

விந்தகத்துக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன என்பதை விளக்கினால்தான் இனிச் சொல்லப்போவது புரியும். நூலினும் மெல்லிய விந்தாக்கக் குழல்கள் சுருண்டு கிடக்க, அவற்றின் உட்சுவரில் செர்டோலி செல்கள் எனும் செவிலிச் செல்கள் வளரும் விந்தணுக்களை அணைத்து ஊட்டுகின்றன. குழல்களுக்கு இடைப்பட்ட சந்துகளில் லேடிக் செல்கள் உட்கார்ந்து டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண்மை ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் ஆணையிட, அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை லேடிக் செல்களுக்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைச் செர்டோலி செல்களுக்கும் அனுப்புகிறது. செர்டோலி செல்கள் இன்ஹிபின் என்ற பொருளைத் திருப்பி அனுப்பி, போதும் என்று பிட்யூட்டரிக்குத் தெரிவிக்கின்றன. கிடாவின் முறுக்கு, மூக்கைத் தூக்கி உதட்டைச் சுருட்டி மோப்பம் பிடிப்பது, முட்டுவது, ஏறுவது எல்லாம் டெஸ்டோஸ்டிரோனின் வேலை. சினை நிற்பதோ குழல்களின் வேலை. இரண்டும் சேர்ந்தே நலியும் என்று எண்ணுவது இயல்பு. உயிர்ச்சத்து ஏ குறையும்போது அப்படி நடப்பதில்லை.

1925இல் அமெரிக்காவில் வுல்பாக், ஹோவ் எனும் இருவர், உயிர்ச்சத்து ஏ இல்லாத தீவனம் தின்ற எலிகளின் உறுப்புகளை ஆராய்ந்தபோது, உடலின் மெல்லிய உள்தோல்கள் எல்லாம் தடித்து நகம்போல் கெட்டிப்பட்டிருந்ததையும், விந்தாக்கக் குழல்களில் வளரும் விந்தணுக்கள் அழிந்து குழல்கள் வெறுமை கண்டிருந்ததையும் பதிவு செய்தார்கள். 1960களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹோவெல், தாம்சன், பிட் ஆகியோர் செய்த சோதனை இதைவிட நுட்பமானது. உயிர்ச்சத்து ஏ உடலில் ரெட்டினால் என்ற வடிவில் ஓடி, தேவைப்படும் இடத்தில் ரெட்டினோயிக் அமிலமாக மாறுகிறது. அவர்கள் எலிகளுக்கு ரெட்டினாலைக் கொடுக்காமல் அந்த அமிலத்தை மட்டும் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஆனால் பார்வை இழந்தன, ஆண் எலிகள் மலடாயின. வாய்வழி வந்த அமிலம் குழல்களுக்குள் வேண்டிய அளவு நுழைவதில்லை. ரெட்டினால் உள்ளே சென்று அங்கேயே அமிலமாக மாறினால்தான் முதல்நிலை உயிரணு குன்றல் பிரிவுக்கு, அதாவது நிறப்புரிகளைப் பாதியாக்கும் பிரிவுக்கு, அடியெடுத்து வைக்கிறது. 1981இல் ஆப்ளிங், சைட்டில் ஆகியோர், இதே அமிலம் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைத் தாங்கிப் பிடிக்கப் போதுமானது என்று காட்டினார்கள். ஆண்மை ஹார்மோன் வேறு, விந்தணு வேறு, இரண்டும் ஒரே உயிர்ச்சத்தை நம்பியிருந்தாலும் இரண்டுக்கும் வழி வேறு என்பது இந்தச் சோதனைகளால் தெளிவாயிற்று.

இந்தியாவின் பங்கு இதில் சிறிதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த ஜகன்னாத் கங்குலி, முன்னதாக 1949இல் இங்கிலாந்தில் தாம்சன், கான் ஆகியோருடன் சேர்ந்து, தழையிலுள்ள கரோட்டின் குடல் சுவரிலேயே உயிர்ச்சத்து ஏ ஆக மாறுகிறது என்பதை நிறுவியவர். பெங்களூரில் அவரும் ஜுனேஜாவும் மூர்த்தியும் 1966இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்ச்சத்து ஏ குறைந்த எலிகளில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள், அதாவது டெஸ்டோஸ்டிரோன் வகைக் கொழுப்புசார் ஹார்மோன்கள், உருவாகும் பாதையே பழுதுபடுவதைக் காட்டியது. பற்றாக்குறை முற்றும்போது லேடிக் செல்களும் தப்புவதில்லை. முதலில் குழல் வெறுமையாகிறது. செர்டோலி செல்களின் இன்ஹிபின் குறைகிறது. அதை உணர்ந்த பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச். சுரப்பைக் கூட்டுகிறது, எவ்வளவு கூட்டியும் மூலப்பொருள் இல்லாததால் பயனில்லை. இதன் பின்னரே டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது, முறுக்கு தளர்கிறது.

இந்த வரிசை முறைதான் மேய்ப்பவரை ஏமாற்றுகிறது. பட்டிக்கு வரும் மருத்துவர் கேட்கும் முறையீடு பெரும்பாலும் ஒரே வாக்கியமாக இருக்கும்: "டாக்டரய்யா, கிடா ஏறத்தான் செய்யுது, ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குதே." ஏறும் கிடாவைக் குறை சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. "அண்ணாச்சி, சித்திரையில இதுக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டால், "சோளத்தட்டைதான், வேற என்ன கெடக்குது?" என்பதே பதிலாக வரும். அந்தப் பதிலிலேயே நோய்க்குறிப்பில் பாதி இருக்கிறது. சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் வயிற்றை நிரப்பும். ஆனால் வெயிலில் காய்ந்து வெளுக்கும்போது கரோட்டினில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. தட்டையில் பச்சைச் சாயல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுதான் கரோட்டின் மிஞ்சியிருக்கிறது என்பது களத்தில் நம்பத்தக்க அளவுகோல்.

அச்சங்குளத்தை அடுத்த ஒரு பட்டியில் செய்யப்பட்ட சோதனையை இங்கே விரித்துச் சொல்வது தகும். இரத்தத்தை எடுத்து அனுப்புவதில் இந்த நோய்க்குப் பெரிய பயன் இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருக்கும்வரை இரத்தத்தில் ரெட்டினால் அளவு ஒரே சீராக இருந்து, சேமிப்பு தீரும் தறுவாயில்தான் சரியும். எனவே பொழுது சாய்ந்து, முகம் மட்டும் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும் நேரத்தில், பட்டியின் வாசலுக்குக் குறுக்கே ஒரு மண்வெட்டிக் கம்பும் இரண்டு கவிழ்த்த சட்டிகளும் வைக்கப்பட்டு, ஆடுகள் மெதுவாக உள்ளே ஓட்டப்பட்டன. பெட்டைகள் தாண்டிப் போயின. இரண்டு பல் போட்ட இளங்கிடா சட்டியில் இடறி நின்று, தலையைத் தாழ்த்தி மோந்து, பக்கவாட்டில் நகர்ந்து படலில் மோதியது. மாலைக்கண் எனும் இந்தக் குறைதான் உயிர்ச்சத்து ஏ பற்றாக்குறையின் முதல் அடையாளம். 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் மாடுகளை ஆராய்ந்த ஹார்ட், கில்பர்ட் இருவரும் இதையே முதல் அறிகுறியாகக் கொண்டார்கள். மறுநாள் காலையில் கிடாவை உட்கார வைத்து விரையைத் தொட்டுப் பார்த்தபோது, நல்ல கிடாவினதைப் போல இறுகித் துள்ளாமல், விரல் பதியும் அளவுக்குத் தொய்ந்திருந்தது. எடுத்த விந்து பாலாடை நிறத்தில் திரண்டிராமல் நீர்மோர் போல இருந்தது. நுண்ணோக்கியில் நல்ல விந்துத்துளியில் அலையலையாகப் புரளும் இயக்கம் காணோம், தலை கழன்ற வால்களும் சுருண்ட வால்களும் மிதந்தன. அதே கிடா அன்று காலையிலும் ஒரு பெட்டையின் மேல் ஏறியிருந்தது.

பணியின் தொடக்க ஆண்டுகளில் இக்கட்டுரையாளர் இத்தகைய கிடாக்களுக்கு உயிர்ச்சத்து ஏ, டி3, ஈ மூன்றும் கலந்த ஊசியைப் போட்டுவிட்டு, வாரம் கழித்துப் பெட்டைகளோடு விடலாம் என்று சொல்லி வந்ததுண்டு. மாலைக்கண் சில நாள்களில் தெளிந்துவிடும். கிடாவின் நடையும் கண்ணும் தேறும். மேய்ப்பவர் நம்பிக்கையோடு விடுவார். அந்தப் பருவம் முழுதும் வீணாகும். கண்ணுக்கு வந்த உயிர் விந்துக்கு வர இரண்டு மாதம் வேண்டும் என்பதை ஒரு கடனாளிக் குடும்பத்தின் பட்டியில் குட்டி இல்லாமற்போன மார்கழிதான் கற்பித்தது. உயிர்ச்சத்து ஏ குறைவால் வெறுமையான குழல்களில் முதல்நிலை உயிரணுக்கள் சில உயிரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், ரெட்டினால் கிடைத்ததும் அவை ஒன்றாக வேலையைத் தொடங்குகின்றன. குறை மீளக்கூடியது, ஆனால் தவணை குறைக்க முடியாதது.

எல்லாக் கிடாவும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. மழைக்காலத்தில் நன்கு மேய்ந்த முதிர்ந்த ஆடு, கல்லீரலில் சேர்த்த உயிர்ச்சத்தை வைத்து ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். போன மார்கழியில் பிறந்து, சேமிப்பே சேராமல் கோடைக்குள் நுழைந்த குட்டிக்கிடாவுக்குப் பருவமடைதலே தள்ளிப்போகிறது, விரை வளர்வதில்லை. ஆகவே முதிர்ந்த கிடாவை விற்றுவிட்டு இளங்கிடாவை நம்பும் பட்டிகளில்தான் இக்குறை மிகுதி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூடும் கூட்டத்துக்கு வாட்டசாட்டமான கிடாக்கள் வேண்டும். நல்ல விலைக்கு மூத்த கிடா போய்விட, இனவிருத்திக்கு மிஞ்சுவது மெலிந்த இளசு. நேர்த்திக்கடனை யாரும் குறைகூற முடியாது; நேர்ந்துவிடுவதற்கு ஒன்றும் இனவிருத்திக்கு ஒன்றுமாக இரண்டை வளர்த்தால் போதும்.

கரிசல் நிலத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் பருத்தி. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுத்தால் ஆடு மாடு மினுமினுக்கும் என்பது உண்மை. கொழுப்பும் புரதமும் அதில் நிறைய. ஆனால் கொட்டையை உடைத்தால் பருப்பில் தெரியும் கரும்புள்ளிகளில் காசிபால் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. விந்தணுவின் நடுப்பகுதியில் சுற்றியிருக்கும், நீந்துவதற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா உறையை இது சிதைக்கிறது. 1970களில் சீனாவில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இதைக் கருத்தடை மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்து, சிலருக்கு மலட்டுத்தன்மை நிலைத்துவிட்டதாலும் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததாலும் கைவிட்டார்கள். முதிர்ந்த ஆட்டின் முதல் இரைப்பை காசிபாலின் பெரும்பகுதியைப் புரதத்தோடு பிணைத்து முடக்கிவிடும். இரைப்பை முழுதாக வளராத குட்டிக்கும், அளவுமீறித் தின்ற கிடாவுக்கும் அந்தக் காப்பு இல்லை. சித்திரையில் பருத்தி எடுத்து முடிந்த காட்டில் ஆடுகள் மிச்சக் காயையும் இலையையும் மேய்வதும் இதோடு சேரும்.

இங்கேதான் உயிர்ச்சத்து ஈ வருகிறது. 1922இல் பெர்க்லியில் ஈவான்சும் பிஷப்பும் எலிகளின் இனவிருத்திக்கு இன்றியமையாததாகக் கண்டுபிடித்த பொருள் இது; குழந்தைப்பேற்றைத் தாங்குவது எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பின்னாளில் இதற்கு டோகோஃபெரால் என்ற பெயர் வந்தது. இது இல்லாத ஆண் எலியின் விந்தகம் மீளாத அழிவுக்கு உள்ளாவதை மேசன் காட்டினார். அந்தப் புகழை வைத்து இன்றுவரை ஆண்மை மாத்திரைகள் விற்கப்படுகின்றன. ஆனால் எலியில் கண்டதை ஆட்டுக்கு அப்படியே பொருத்துவது பிழை. உயிர்ச்சத்து ஈ இல்லாத தீவனத்திலும் ஆடுகள் இனம் பெருக்கியதைப் பழைய சோதனைகள் காட்டின. அசைபோடும் விலங்கில் அதன் வேலை, விந்தணுவின் மெல்லிய கொழுப்புறையை ஆக்சிஜன் அரிக்காமல் காப்பது. அதனால்தான் 1998இல் ஃபுளோரிடாவில் காசிபால் மிகுந்த தீவனம் தின்ற இளங்காளைகளுக்கு நாளொன்றுக்கு 4,000 அலகு உயிர்ச்சத்து ஈ சேர்த்துக் கொடுத்தபோது விந்துக்கு நேர்ந்த கேடு தடுக்கப்பட்டது. பச்சைத்தழையில் இந்த உயிர்ச்சத்தும் நிறைய இருக்கிறது, காய்ந்தால் இதுவும் குறைகிறது. தழை இல்லாத கோடையில் பருத்திக்கொட்டையை மட்டும் அள்ளிக்கொடுப்பது, நஞ்சைக் கொடுத்து மாற்று மருந்தை நிறுத்திவைப்பதற்கு ஒப்பாகும். கொட்டையை நன்கு வேகவைத்தால் காசிபால் பெருமளவு பிணைபட்டுவிடும்.

பிற உயிர்ச்சத்துகளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. பி வகையை இரைப்பை நுண்ணுயிரிகள் ஆக்கிக்கொள்கின்றன. சி-யை ஆட்டின் கல்லீரலே செய்துகொள்கிறது. டி குறைந்த ஆண் எலிகளின் இனவிருத்தித் திறன் தாழ்வதை 1989இல் விஸ்கான்சினில் கண்டார்கள் என்றாலும், சிவகாசி வெயிலில் திரியும் ஆட்டுக்கு அந்தக் குறை வர வழியில்லை. துத்தநாகம் உயிர்ச்சத்து அன்று. ஆயினும் கல்லீரலிலிருந்து ரெட்டினாலைச் சுமந்து செல்லும் புரதம் உருவாகவும், ரெட்டினால் மேற்கொண்டு மாற்றம் பெறவும் அது வேண்டும். 1969இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், சாமர்ஸ் துத்தநாகம் குறைத்து வளர்த்த ஆட்டுக்கிடாக் குட்டிகளின் விந்தகம் வளராமலே நின்றது. தாது உப்புக்கலவை தரும்படி சொல்வது வெறும் சடங்கு அன்று.

எல்லாப் பழியையும் உயிர்ச்சத்தின் மேல் போடுவதும் நேர்மையாகாது. விந்தகம் உடல் வெப்பத்தைவிட நான்கைந்து பாகை குளிர்ந்திருந்தால்தான் விந்தணு விளையும். நிழலற்ற கரிசல் காட்டில் கோடை வெயில் ஒன்றே விந்தைக் கெடுக்கப் போதுமானது. 1942இல் ஆஸ்திரேலியாவின் கன், சாண்டர்ஸ், கிரேஞ்சர் மூவரும் கிடாக்களின் கோடைகால விந்துக் கேட்டை ஆராய்ந்தபோது வெப்பமும் பச்சைத்தீவனப் பஞ்சமும் பின்னிக் கிடந்ததையே கண்டார்கள். நீலநாக்கு நோய்க் காய்ச்சல், புருசெல்லா கிருமி, ஒரே கிடாவின் வழியில் ஆண்டுக்கணக்காக இனம் பெருக்குவது ஆகியவற்றையும் பார்த்து ஒதுக்கிய பிறகே தழைப் பஞ்சத்தின் மேல் முடிவுக்கு வர வேண்டும். மாலைக்கண் சோதனை இந்தப் பிரித்தறிதலில் பேருதவி புரிகிறது. வெயிலால் கெட்ட கிடா அந்தியில் சட்டியில் இடறுவதில்லை.

மருந்தின் கணக்கு எளிது. 35 கிலோ எடையுள்ள கிடாவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,500 அலகு உயிர்ச்சத்து ஏ தேவை. ஒரு மில்லிகிராம் கரோட்டினிலிருந்து எலி 1,667 அலகு செய்துகொள்ளும், மாடு சுமார் 400தான் செய்யும். ஆட்டுக்கும் மாட்டின் அளவையே வைத்துக் கணக்கிட்டால் ஒன்பது மில்லிகிராம் கரோட்டின் வேண்டும். நூறு கிராம் முருங்கைத் தழையில் அது ஏழு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், அகத்தியில் ஐந்தரை அளவிலும் இருக்கிறது. விரயத்தையும் சேர்த்தால் நாளுக்குக் கால் கிலோ பசுந்தழை, பங்குனி கடைசி முதல் ஆடி வரை. கால் கிலோ தழைக்கு நிலம் வேண்டாம்; குளியல் தண்ணீர் ஓடும் கொல்லை மூலையில் நிற்கும் ஒரு முருங்கை மரம் போதும். ஆலை வேன் வரும் முன் அடுப்பும் தண்ணீர்க் குடமுமாக ஓடும் பெண்களுக்கு மேய்ச்சலுக்கு நேரமில்லாத வீடுகளில்தான் கிடாக்கள் முழுநாளும் தட்டையோடு கட்டிக் கிடக்கின்றன. அவர்களால் செய்யக்கூடியதாகச் சொன்னால்தான் அறிவுரை நிற்கும்.

மேலே சொன்ன பட்டியில் அடுத்த சித்திரை தொட்டு இதுதான் செய்யப்பட்டது. தழையைத் தரையில் போட்டால் மிதித்துப் பாழாக்கிவிட்டு ஆடு முகம் திருப்பிக்கொள்ளும் என்பதால், முருங்கைக் கிளையைக் கயிற்றில் கட்டி, கிடா கழுத்தை நீட்டி எட்டும் உயரத்தில் பட்டிக்காலில் தொங்கவிட்டார்கள். ஆனிப் பிறப்புக்கு முன் விரையை அளவு நாடாவால் அளந்து, விந்தை எடுத்துப் பார்த்தபோது குப்பிச் சுவரில் பாலேடு போல அது ஒட்டியது; மேய்ப்பவர் அந்தக் குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே நெடுநேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.